கெண்டைக்கால்

என் சித்தப்பா சுஜீந்திரன் சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் பரம்பரையே அலுவலகப் பரம்பரை. பந்தை உதைத்தவர்கள் யாரும் கிடையாது. ஆகவே அவருடைய ஐந்து வயது மகன் சுலக்ஷனுக்குக் கெண்டைக்கால் உருண்டு திரண்டு வந்தபோது, அதைக் குடும்பத்துக்கே கிடைத்த பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் கெண்டைக்கால் படம் வரும். கீழே "ஸ்ட்ரைக்கர் லெக்ஸ்" என்று எழுதியிருக்கும். பெரியவர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்குவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய பிடோக் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுவாரம் ஜாலான் புசாரில் சின்னப் பையன்களுக்கான கால்பந்துப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அதற்காகச் சித்தப்பா தினமும் சாயங்காலம் பிள்ளையை லிஃப்டில் மேலே கூட்டிப்போய், படிக்கட்டு வழியாக இறக்கிக்கொண்டிருந்தார். பலன் பார், என்று தரையில் உட்கார்ந்திருந்தவனை எழுந்து காட்டச் சொன்னார். சுலக்ஷன் முதலில் கைகளைத் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல நிமிர்ந்தான். சித்தப்பா கைதட்டினார்.

"ஜிம்னாஸ்ட் மாதிரி லா."

நான் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு. போன மாதம் இதே காட்சியை வகுப்பில் வீடியோவாகப் போட்டார்கள். அங்கே யாரும் கைதட்டவில்லை.

சித்தப்பாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். ஆரணி சித்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். தசை என்பது நார்களின் கட்டு, என்று ஆரம்பித்தேன். நார் சுருங்கி விரியும்போது அதன் உறை கிழியாமல் காக்க ஒரு புரதம் வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. நடந்தாலே நார் கிழியும், படி இறங்கினால் இன்னும் கிழியும். செத்த நாரின் இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். கால் பருக்கும், பலம் குறையும். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அதுவரை படிக்கட்டு வேண்டாம் என்றேன். பெரும்பாலும் இது தாய் வழியாக வரும் என்று விரிவுரையில் அடுத்த வரி இருந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"நீ செகண்ட் இயர்தானே?" என்றார் சித்தப்பா. "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி ஒண்ணும் இல்ல."

சித்தி அடுப்பை அணைத்தார்.

"என் அண்ணனுக்கு இருந்துச்சு."

அந்த அண்ணன் பத்தொன்பது வயதில் நிமோனியாவில் போய்விட்டார் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அதுக்கு ரொம்ப முன்னாலயே அவனால நடக்க முடியல," என்றார் சித்தி. "சின்னப் பிள்ளையில அவனுக்கும் இதே கால்தான். வர்றவங்க எல்லாம் ஆசையா பிடிச்சுப் பாப்பாங்க. நம்ம கல்யாணம் பேசுறப்ப இதைச் சொல்ல வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

சித்தப்பா கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார்.

"அப்ப உங்க பக்கத்துலேர்ந்து வந்தது."

நான் அவ்வளவு நேரம் விளக்கிய பாடம் ஏறவில்லை; நான் சொல்லாமல் விட்ட வரி மட்டும் அவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

சித்தி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியில் பாலிகிளினிக்குக்கு நேரம் பதிய ஆரம்பித்தார். பிள்ளையின் பிறந்த தேதியைச் சித்தப்பாவிடம் கேட்டார். சித்திக்கே தெரிந்த தேதிதான். அதற்குள் சித்தப்பா வாசலுக்கு வெளியே காரிடாரில் நின்று என் அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றார், "நம்ம பக்கம் இல்லயாம்."