சின்ன வீட்டுக்கு உப்புத் தண்ணீர்

என் மீன்தொட்டிக்கு என் மனைவி வைத்த பெயர் சின்ன வீடு. உள்ளே இருந்தது ஒரே ஒரு கடல் மீன். ஆரஞ்சு உடம்பு, நீல ஓரம், உள்ளங்கையில் அடங்கும். கோபம் வந்தால், "அவகிட்டயே போய்ச் சாப்பாடு கேளுங்க" என்பாள். நானும் அவளைத் தொட்டிப் பக்கம் அண்டவிட்டதில்லை. கிட்டே வந்தாலே எரிந்து விழுவேன்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது என் வலது பக்கம் மரக்கட்டை. பேச்சு போய்விட்டது, எழுத்தும் கூடவே போனது. மிஞ்சியது ஒரே சொல்: சரி. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வந்து விழும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதற்கும் நான் சரி என்றதில்லை. நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஒரு சொல்லாவது வருகிறதே என்று பூரித்துப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டாள். அன்றிலிருந்து சக்களத்தியைக் குழந்தை மாதிரி கவனித்தாள். தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். நான் நடமாடிய நாட்களில் அதை அவள் எழுவதற்கு முன்பே முடித்துவிடுவேன். அவள் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தண்ணீரை மாற்ற நான் வாளியில் உப்பு கரைப்பதைத்தான். ஆகவே காலைதோறும் உப்புத் தண்ணீரையே ஊற்றினாள்.

"கடல் மீனாச்சே, உப்பு இல்லாம இருக்குமா? நான் செய்யறது சரிதானே?"

வேண்டாம் என்று கத்தினேன். சரி என்றுதான் வந்தது.

இடது கையை உப்பு டப்பாவை நோக்கி நீட்டி நீட்டி ஆட்டினேன். பத்தவில்லை என்கிறேன் என நினைத்து இன்னொரு கரண்டி போட்டாள். அதற்குமேல் கையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மீன் முதலில் தின்பதை நிறுத்தியது. பிறகு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி மூச்சிரைத்தது. நிறம் வெளுத்தது. இந்த வாய் இருந்தென்ன, போயென்ன என்று என்னையே சபித்துக்கொண்டு கிடந்தேன். வாளிச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று நினைத்து அவள் சத்தமில்லாமல் ஊற்றுவாள்.

இன்று காலை மீன் மல்லாந்து மிதந்தது. வெறுங்கையால் அள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் தவறாமல் பார்த்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நீங்கள் சும்மாவா என்னைத் தொடவிடவில்லை என்றாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தானே கொன்னுட்டேன்?"

இல்லை. சொல்லித் தராதவன் நான், உன்மேல் ஒரு தப்பும் இல்லை. இருக்கிற உயிரையெல்லாம் நாக்குக்குக் கொண்டுவந்து வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். மீனை ஏந்தியபடியே எழுந்து உள்ளே போனாள்.