வெள்ளிக்கிழமைக் குளிசைகள்

அக்குறணையில் அபீபாவின் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து சஹன் வைத்தாயிற்று. ஒரு சஹனுக்கு ஆறு பேர். பெரிய தட்டம் நிறையப் புரியாணி, அதன்மேல் பொரித்த கோழி, ஓரத்தில் அச்சாறு. பெண்கள் பக்கம் இரண்டு சஹன்கள் இருந்தன. ஒன்றில் புது மருமகள் ஆஸிகாவும் அவளது மாமியார் அபீபாவும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்ததில் ஆஸிகாவின் உம்மா பஸீஹா. தனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதே பஸீஹாவுக்குத் தெரியவில்லை. மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனிக் கோப்பையில் சாப்பிட்டால் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு தப்பித்துவிடலாம். சஹனில் அது நடக்காது. அவரவருக்கு முன்னால் இருப்பது அவரவர் பங்கு. யார் தின்றார், யார் அளைந்துகொண்டிருக்கிறார் என்பது மற்ற ஐந்து பேருக்கும் அப்படியே தெரியும். ஆஸிகா ஐந்தாறு வாய் தின்றாள். பிறகு சோற்றை விரலால் இங்கும் அங்கும் ஒதுக்கினாள். அபீபா அதைக் கவனித்துவிட்டு, கோழியின் நல்ல சதையாகப் பிய்த்து மருமகளின் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க மகள். எங்கட ஊட்டுல வெக்கப்படப் போடாது."

அது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அந்த ஊரில் பாசம் கையால்தான் பரிமாறப்படும். ஆஸிகா உம்மாவைப் பார்த்தாள். உம்மா மெல்லத் தலையாட்டினாள். ஆஸிகா தின்றாள். ஐந்து நிமிடத்தில் நெற்றி வியர்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சத்தம் வெளியே கேட்காமலிருக்க அவள் குழாயைத் திறந்துவிடுவது பஸீஹாவுக்குக் கேட்டது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாயுத் தொல்லை என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சிரித்தபடியே சொல்லிவைத்தாள்.

வாயுவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆஸிகாவின் வயிற்றுக்குள் இருந்தது முழு இரைப்பை அல்ல. ஒரு சின்ன வாழைப்பழத்தின் அளவில் மிச்சம் வைத்து, மற்றதை வெட்டி எடுத்திருந்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆஸிகா நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தாள். கணக்கியல் படித்தவள், குர்ஆனை அழகாக ஓதுபவள், கோபமே வராதவள். ஆனால் கட்டுகஸ்தோட்டையில் அவர்களது வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை. அவள் உட்காரப்போகும் கதிரையைப் பார்த்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் சாச்சி, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டு வாசல் அகலமாகத்தான் இருக்கிறது என்று நக்கலடித்துவிட்டுப் போனாள். அன்று இரவு ஆஸிகா சாப்பிடவில்லை. முழங்கால் வலியும் சீனி வருத்தம் என்ற நீரிழிவின் தொடக்கமும் வேறு இருந்தன. ஒப்பரேஷன் செய்தால் அவளுக்கு நல்லது என்று கொழும்பு டாக்டர் சொன்னதில் பிழையே இல்லை. செய்ததிலும் பிழையில்லை.

பிழை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. பித்தப்பையில் கல், பையையே எடுத்தோம் என்று பஸீஹா ஊருக்குச் சொன்னாள். புருஷனை இழந்து தனியாக மகளை வளர்த்தவள். வயிற்றை வெட்டித்தான் மெலிந்தாள் என்று ஒரு கதை கிளம்பினால் அது பேராதனை வரைக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சின்னக் கோப்பையில் சாப்பிட வேண்டும், முட்டையும் மீனும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். நன்றாக மென்று இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. விற்றமின் குளிசைகளை ஆயுள் முழுக்க நாள் தவறாமல் விழுங்க வேண்டும். ஒன்றரை வருடத்துக்குப் பிள்ளை வேண்டாம். வாந்தி, சத்தி என்று விடாமல் எடுத்தால் உடனே வர வேண்டும். பஸீஹா அந்தத் தாளை நான்காக மடித்து அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் வைத்தாள்.

எட்டு மாதத்தில் நாற்பது கிலோ குறைந்தது. வட்ஸ்அப்பில் போட்ட பெருநாள் படத்தைப் பார்த்து அபீபா பெண் கேட்டு வந்தாள். மகன் பவாஸ் கண்டி டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருந்தான், அமைதியானவன். மகன் பெண் வீட்டுக்குப் போனால் அபீபா தனித்துப்போவாள், ஆகவே மருமகள் அங்கேதான் வர வேண்டும் என்றார்கள். கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம் உம்மா என்று ஆஸிகா கெஞ்சினாள். பொறுத்தால் விஷயம் கசிந்துவிடும் என்று பஸீஹா பயந்தாள். மூன்றே வாரத்தில் நிக்காஹ் முடிந்தது.

குளிசைப் போத்தலை என்ன செய்வது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. மாமியார் வீட்டில் கண்டுபிடித்தால் என்ன வருத்தம் என்று கேட்பார்கள். பிள்ளை வேண்டாம் என்று விழுங்குகிறாளோ என்றும் சந்தேகப்படுவார்கள். ஆகவே பஸீஹா அவற்றைத் தன் குசினியில் ஒரு ஏலக்காய்த் தகரப் பேணிக்குள் கொட்டிவைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு பவாஸ் ஆஸிகாவை உம்மா வீட்டில் விட்டுப் போவான். அப்போது பஸீஹா ஏழு நாளைக்கு உரியதை எண்ணிக் கையில் கொடுத்து ஒரே தடவையில் விழுங்கவைப்பாள். ஒரு வாரத்துச் சோற்றை ஒரே நாளில் தின்று மற்ற ஆறு நாளும் பட்டினி கிடக்க முடியுமா என்று அவள் யோசிக்கவில்லை. மருந்து எப்படியும் உள்ளே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விருந்துகள் முடிந்தபாடில்லை. புது மாப்பிள்ளை, பொண்ணு என்று இன்று மாவனெல்லை, நாளை மடவளை. எங்கே போனாலும் சஹன், எங்கே போனாலும் கடைசியில் வட்டலப்பம். ஆஸிகா தின்பதும் குழாயைத் திறந்துவிடுவதுமாக இருந்தாள். மூன்றாம் மாதம் அவளுக்கு நாள் தள்ளியது.

சத்தி இப்போது காலை, பகல், இரவு என்று நிற்காமல் வந்தது. உண்மையைச் சொன்னால், பஸீஹாவுக்கு அதில் ஒரு நிம்மதி. மகள் சத்தி எடுப்பதற்குக் கடைசியில் ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிட்டது. இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவுமில்லை. அபீபா ஊரெல்லாம் சீனி பகிர்ந்தாள். மாங்காயும் புளியும் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளைக்காகவாவது தின்னுங்க என்று இரண்டு பேருக்கான சோற்றை வைத்தாள். பயணம் ஆகாது என்று வெள்ளிக்கிழமை வரவும் நின்றுபோனது. ஏலக்காய்ப் பேணி ஐந்து வாரம் திறக்கப்படவில்லை.

ஆறாம் வாரம் பவாஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆஸிகா நடக்கும்போது தடுமாறுகிறாள், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள், நேற்று வந்த விருந்தாளியை யாரென்று கேட்கிறாள் என்றான். பலவீனம் என்று பக்கத்து டிஸ்பென்சரியில் சீனி கலந்த சேலைன் இரண்டு போத்தல் ஏற்றியதாகவும் அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டதாகவும் சொன்னான். பஸீஹா ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டிலில் மகள் கிடந்தாள். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின. துஷாந்த் என்ற இளம் டாக்டர், முன்பு ஏதாவது ஒப்பரேஷன் செய்ததா என்று தமிழிலேயே தெளிவாகக் கேட்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அபீபா நின்றாள். இந்தப் பக்கம் பவாஸ். பஸீஹாவின் நாக்கு நுனி வரைக்கும் உண்மை வந்தது.

"கல்லெண்டு பித்தப்பைய எடுத்த, டொக்டர். வேற ஒண்டுமில்ல" என்றாள்.

தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டாக்டர் தனியாக அகப்படவில்லை. அகப்பட்டபோது அவளுக்குத் தைரியம் வரவில்லை. மூளைக் காய்ச்சலோ, நரம்பில் ஏதாவதோ என்று அவர்கள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரவும் போய் மறுநாள் பகலும் போனது. வராந்தாவின் வாங்கில் உட்கார்ந்து பஸீஹா யாசீன் ஓதினாள். ஓத வேண்டிய வாய்தான், ஆனால் அந்த நேரத்தில் அது செய்ய வேண்டிய வேலை வேறாக இருந்தது.

மாலையில் டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். அபீபாவும் பவாஸும் எழுந்து பக்கத்தில் வந்தார்கள்.

"அம்மா, பித்தப்பை எடுத்ததெண்டு சொன்னனீங்கள். ஸ்கான்ல பித்தப்பை அப்பிடியே இருக்கு. அப்ப வயித்தில இருக்கிற அஞ்சு தழும்பும் என்ன?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. அத்தனை பேர் முன்னாலும் பஸீஹா சொன்னாள். ஒப்பரேஷன், குளிசை, ஏலக்காய்ப் பேணி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்கக்கூட நிற்கவில்லை. உள்ளே போய் ஊசி மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார். விற்றமின் பி-வன் உடம்பில் அறவே இல்லாமல் போயிருக்கிறது என்றார். விடாமல் சத்தி எடுத்தால் அது சில வாரத்திலேயே தீர்ந்துவிடும் என்றும், அந்த நிலையில் சீனி ஏற்றினால் மிச்சமிருப்பதும் எரிந்துபோகும் என்றும் விளக்கினார். உயிருக்கும் பிள்ளைக்கும் இனிப் பயமில்லை, ஆனால் மூளையில் ஞாபகத்துக்குரிய இடம் அடிபட்டிருக்கிறது.

"நேற்று வந்த நேரமே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அம்மா" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பஸீஹாவால் தாங்கியிருக்க முடியும்.

அவர் போனார். பவாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஏசப்போகிறாள், மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடப்போகிறாள் என்று பஸீஹா காத்திருந்தாள். அபீபா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கலியாணத்துக்கு முந்திச் செல்லி இருந்தா நான் வாணாண்டுதான் செல்லி இருப்பேன். அல்லாஹ்வுக்காகப் பொய் செல்லக் கூடாது. ஆனா நிக்காஹுக்குப் பொறகு ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கிட்டச் செல்லி இருந்தா, இந்தக் கையால அவள்ட பக்கம் எறச்சியத் தள்ளி இருப்பேனா? சின்னப் பீங்கான்ல ரெண்டு கரண்டி வெச்சிக் குடுத்தீப்பேனே."



நான்கு மாதம் போனது. ஆஸிகா இப்போது கட்டுகஸ்தோட்டையில் உம்மாவோடு இருக்கிறாள். சுவரைப் பிடித்து நடக்கிறாள். சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்வாள். அரை மணித்தியாலத்துக்கு முன் நடந்தது தெரியாது. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. ஒவ்வொரு நாள் காலையிலும் வயிற்றைத் தடவிப் பார்த்து, இது என்ன உம்மா, நான் திரும்பவும் கொழுத்துட்டேனா என்று அழுவாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும். அவளும் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்தோஷப்படுவாள். கடைசியில் அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதுதான் பஸீஹாவுக்குத் தாங்கமுடியாத தண்டனையாக இருக்கிறது.

அபீபா வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறி வருகிறாள்; பவாஸ் கடை மூடிய பிறகு இரவில் வருகிறான். மடித்துவைத்த தாள் இப்போது குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சின்னப் பீங்கான், முதலில் முட்டை, பிறகு மீன். குளிசைப் போத்தல் மேசையின் நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறது. வீடு மாற வேண்டிய விதத்தில் மாறிவிட்டது. மாறிய நேரம்தான் பிழை.

அப்படி ஒரு பகலில், அடுத்த தெரு றம்லத் வந்தாள். தேத்தண்ணீரைக் குடித்தாள், சுகம் விசாரித்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தன் மகளும் சரியான பருமனாம், இருபத்தெட்டு வயதாகிறதாம், வருகிற இடமெல்லாம் தட்டிப்போகிறதாம். கொழும்பில் எந்த டாக்டர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றாள்.

பஸீஹா பதில் சொல்லுமுன், கதிரையில் உட்கார்ந்து அபீபாவின் கையால் முட்டை தின்றுகொண்டிருந்த ஆஸிகா உம்மாவின் சாரி நுனியை இழுத்தாள். காதருகே வாயை வைத்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான், கேட்டாள்.

"உம்மா, மாமிக்கு ஒப்பரேஷன் விஷயம் தெரியாதுதானே?"

நிக்காஹ் நடந்த நாள் மறந்துவிட்டது, பிள்ளை மறந்துவிட்டது, அந்தப் பயம் மட்டும் மறக்கவில்லை. அபீபாவின் கையில் கரண்டி நின்றது. அவள் முகத்தைப் பீங்கானுக்கு மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியும் மகள். மாமி கோவப்படல்ல. நீங்க தின்னுங்க" என்றாள் பஸீஹா. பிறகு றம்லத்தைப் பார்த்தாள்.

"டொக்டர்ட பேர எழுதித் தாறேன். அந்த ஒப்பரேஷன்ல பாவமும் இல்ல, வெக்கமும் இல்ல. அது ஒரு மருந்து. ஆனா யாருக்கும் தெரியாமச் செய்ற எண்டா செய்யவே வாணாம். அந்தப் புள்ள ஆயுசு முழுக்க வேற மாதிரித் தின்னோணும், றம்லத். அது அவள் ஒருத்திட வேலை இல்ல, சுத்தி ஈக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சாத்தான் ஏலும். இதச் செல்ல ஏலாத ஊட்டுக்கு அவளக் கட்டிக் குடுக்காதீங்க. என்ட புள்ளயக் கத்தி ஒண்டும் செய்யல்ல. நான் மறச்சதுதான் அவளத் தின்ட."

றம்லத் தலை குனிந்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அபீபா அடுத்த கரண்டியை ஊட்டினாள். ஆஸிகா நன்றாக மென்று விழுங்கினாள். பிறகு உம்மாவின் சாரி நுனியை மீண்டும் இழுத்தாள்.

"உம்மா, மாமிக்குத் தெரியாதுதானே?"