அக்கா கணக்கில் விழுந்தது

…இல்லை, லைன் அறுந்துபோகவில்லை, வங்கியில் காத்திருக்கச் சொல்லிப் போட்ட அந்தப் பாழாய்ப்போன பாட்டுதான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது, இது நாலாவது தடவை. சாப்பாட்டு நேரமே அரை மணிதான், அதில் பதினாறு நிமிடம் இந்தப் பாட்டுக்கே போயிற்று, டிபன் டப்பாவை இன்னும் திறக்கவில்லை, திறந்தால் மட்டும் இறங்கவா போகிறது? கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், காது வேறு சுடுகிறது. பதினெட்டு வருடம் இந்த மெஷின் முன்னால் நின்று சேர்த்த காசு, மாதம் தவறாமல், காய்ச்சலோடு வந்த மாதம்கூடத் தவறாமல், வரி பிடிக்காத சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டே, அதில் போட்டது. பழைய வங்கி வட்டியைக் குறைத்ததும் புது வங்கிக்கு மாற்றலாம் என்று புத்தி போயிற்று. சும்மா கிடந்ததை எதற்குத் தொட்டாய்? பழைய வங்கியில் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த ஆள் படித்துப் படித்துச் சொன்னான், "நீங்க கையில வாங்கவே கூடாது மேடம், வாங்கிட்டா வரிச் சலுகை அத்தோட போச்சு, நாங்களே நேரா அந்த பேங்க்குக்கு அனுப்பிடுவோம்" என்று. சரி, அனுப்பினான். பதினோரு நாளைக்கு முன்பே போய்விட்டதாம், காகிதத்தில் முத்திரை குத்தியே கொடுத்துவிட்டான். புது வங்கியில் இவள் கணக்கைத் திறந்தால் பூஜ்யம். நேற்றும் பூஜ்யம், இன்று காலை பல் தேய்க்கும்போது பார்த்தாள், அப்போதும் பூஜ்யம்… பணம் நடுவழியில் எங்கே இறங்கிக்கொண்டது?

கதவிடுக்கில் தலை தெரிகிறது. கவுண்டர் பையன், பையன் என்று பேர்தான், நாற்பது வயது ஆள், கடையிலேயே கண்ணாடி போடாத ஒரே ஆள் என்பதால் அவனுக்கு சோடாபுட்டி என்று பேர். "என்னக்கா, போன்ல யாரு, வீட்டுக்காரரா? முகம் இப்டி வெளுத்துப்போச்சு?" "பேங்க்குப்பா." "அட, கடன் குடுக்கிறதுக்குக் கூப்பிட்டா எடுக்காதீங்க, எனக்குத் தினமும் கூப்பிடுறாங்க, என்னைவிட என் மேல அவங்களுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி." சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவளும் சிரித்தாள் போலிருக்கிறது, கன்னம் இழுத்தது தெரிந்தது, சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. போனில் பாட்டு நின்றது. பெண் குரல், சின்ன வயதுக் குரல், "காத்திருந்ததுக்கு நன்றி மேடம், பணம் வந்திருக்கு மேடம், எங்ககிட்டதான் இருக்கு." அப்பாடா என்று மூச்சை விடப்போனவள் பாதியில் நிறுத்தினாள், ஏனென்றால் அந்தப் பெண் நிறுத்தவில்லை, "ஆனா உங்க இன்னொரு கணக்குல சேர்ந்திருக்கு."

எனக்கு ஏதம்மா இன்னொரு கணக்கு? "அப்பா பேரு ஒண்ணு, பிறந்த தேதி ஒண்ணு, பழைய விலாசம் ஒண்ணு, அதனால ரெண்டும் ஒரே ஆள்னு நினைச்சு எங்க ஆளுங்க அதுல போட்டுட்டாங்க மேடம், பேரு மட்டும்தான் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு." பிறந்த தேதி. கடவுளே. அக்கா. அப்பா இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், தலைமையாசிரியர் தேதி கேட்டதும், யாருக்கு எது என்று நினைவில்லாமல், இரண்டுக்கும் ஒரே தேதியை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர். ஒன்றரை வயது மூத்தவள் காகிதத்தில் இரட்டைப் பிறவி ஆனாள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருடம் சிரித்திருப்பார்கள், ஒரே கேக்கை வெட்டலாம் செலவு மிச்சம் என்று… அந்தப் புது வங்கியைச் சொன்னதே அக்காதான், போன வருடம், "வட்டி நல்லா குடுக்கிறாண்டி, நான்கூட வரியில்லாத கணக்கு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன், தையல் காசு கொஞ்சம் போடுறேன்" என்று. அது மனதில் ஒட்டிக்கொண்டுதானே இவளும் அங்கே போனாள்.

வேறு எந்தக் கணக்கில் விழுந்திருந்தாலும் பரவாயில்லையே, முன்பின் தெரியாத எவன் கணக்கில் விழுந்திருந்தாலும் சண்டை போட்டு வாங்கிவிடலாமே! அத்தானுக்கு நெஞ்சு ஆபரேஷன் என்றபோது அக்கா வந்தாள், இரண்டு வருடம் ஆகிறது, இதே கடை வாசலில், உள்ளே வரக்கூட இல்லை, "கொஞ்சமாவது பொரட்ட முடியுமாடி" என்றாள். "எங்கையில ஒத்தைப் பைசா கிடையாதுக்கா, அவர் சம்பளத்துலதான் ஓடுது" என்றாள் இவள். கண்ணைப் பார்த்தே சொன்னாள். பொய்யா அது? அந்தக் கணக்கை உடைத்தால் வரிச் சலுகை முழுக்கப் போய்விடும், திரும்பப் போடவே முடியாது, அதனால் அது கையில் இருக்கிற காசே இல்லை என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தானே நம்பும் வரைக்கும். அக்கா திரும்பிப் போய், திரைச்சீலை தைக்கிற இரண்டு மெஷினில் ஒன்றை விற்றாள். அத்தான் பிழைத்துக்கொண்டார், நல்லவேளை, இல்லாவிட்டால்… வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? அவங்க வந்து கையெழுத்துப் போடணும். தப்பு எங்களோடதுதான், ஆனா அவங்க சம்மதமில்லாம அவங்க கணக்குல நாங்க கை வைக்க முடியாது. நாளைக்குள்ள முடிக்கணும், இல்லன்னா நீங்க பணத்தை எடுத்துட்டதாத்தான் பதிவாகும்." நாளைக்குள். ஒன்றே ஒன்று கேட்டாள், "அவங்களுக்குத் தெரியுமாம்மா?" "பணம் விழுந்த அன்னைக்கே மெசேஜ் போயிருக்கும் மேடம். எங்கேருந்து வந்ததுன்னு உங்க பேரோட. அவங்க பணம் இல்லன்னா வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பணும்னும் அதுலயே இருக்கும்."

பதினோரு நாள். அக்காவுக்குப் பதினோரு நாளாகத் தெரியும். தொகையோடு தெரியும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வேறு கூப்பிட்டாளே, அரை மணி நேரம் பேசினாளே, என்ன பேசினாள்… யாரோ ஒருத்தி பச்சைத் திரைச்சீலை தைக்கச் சொல்லிவிட்டு நீலம் கேட்டுச் சண்டை போட்டாளாம், அதைச் சொல்லிச் சிரித்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது, எங்காவது ஒரு இடத்தில் நிறுத்தினாளா, இவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாளா? எவ்வளவு தோண்டினாலும் திரைச்சீலைதான் வருகிறது. வங்கி லைனை வைத்துவிட்டு அக்கா நம்பரைத் தேடி, முதல் தடவை வேறு யாரையோ அழுத்தி, வெட்டி, மறுபடி அழுத்தினாள். என்ன சொல்வது என்று கோத்து வைத்திருந்தாள், அக்கா திட்டினால் இது, அழுதால் இது, போனை வைத்துவிட்டால் மறுபடி கூப்பிட்டு இது… ஒரே மணியில் எடுத்துவிட்டாள் அக்கா. தையல் மெஷின் ஓடுகிற சத்தம், பிறகு ஓடாத சத்தம்.

"அக்கா…"

"சொல்லுடி. எத்தனை மணிக்கு வரணும், கையெழுத்துப் போட?"

மூன்று மணிக்கு என்று சொன்னது இவள் வாய்தான். சரி, வந்துடுறேன், நீ சாப்பிட்டுட்டுக் கிளம்பு, என்றது அந்தக் குரல், மறுபடி மெஷின் ஓடியது, லைன் போயிற்று. பணம் வந்துவிடும். வரிச் சலுகையோடு வந்துவிடும். கோபம் இருந்ததா? காதிலிருந்து போனை எடுக்காமலே யோசித்தாள், இல்லை, துளிக்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை குரலேதான், எப்போதும் இருக்கிற அதே குரல். அப்படியென்றால் இது எத்தனை நாளாக இருக்கிற குரல்… இந்தப் பதினோரு நாளாகவா, இல்லை, கடை வாசலில் நின்ற அன்றைக்கே அக்காவுக்குத் தெரியுமா?