அட்டை பொரிக்கும் காலை

"இந்த அட்டைல இன்னாமே கீது? எள்ளுப்பொடி தூவி ஒட்னாப்ல கீது."

"உயிரு கீது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்ட. உள்ள குளவி."

"குளவின்னா கொட்டுமே."

"கண்ணுக்கே தெரியாதது எங்கய்யா கொட்டப் போவுது? பாக்கணும்னா வாயத் தொறந்து கேளு, காட்றேன்."

தானியேல் கேட்கவில்லை. மனைவி பாக்கியமேரி கொசு வளர்க்கிறாள் என்று அவர் சொல்லித்தான் காலனித் தெருவே சிரித்திருந்தது. அதன் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? பார்க்கும் ஆசையை மறைத்தபடியே மூன்று வருஷம் போய்விட்டது.

இப்போது பாக்கியமேரி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், உத்திரமேரூரிலிருந்து ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். அடக்கம் நாலு மணிக்கு.

கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தைத் தானியேல் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிட்டம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் பாக்கியமேரியோடு குளவி அட்டை தயாரிக்கிறவள்.

"அண்ணா, கொட்டாய்ல பிரிட்ஜ் பிளக்க யாரு புடுங்கனது?"

"நான்தான். இந்தப் பெட்டிக்கு வேற பிளக் ஏது?"

சிட்டம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"குளுர்ல வச்சாதான் முட்ட பொரிக்காம நிக்கும். வேதாசலம் கரும்புக்குப் பத்து அட்ட. அக்கா கடைசியா போட்டது. இப்பவே ஒண்ணு ரெண்டு பொரிக்குது. வெயில் ஏறினா எல்லாம் வந்துரும். கரும்புல இல்லன்னா கொட்டாய்லயே செத்துப் போவும்."

"எத்தினி கீது?"

"அட்டைக்கு இருபதாயிரம்."

ரெண்டு லட்சம். தானியேல் பெட்டியைப் பார்த்தார். உள்ளே குளிர் உறுமிக்கொண்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மைத்துனன் பிரகாஷ் வாசலில் மறித்தான். "அக்காவ இப்டிப் போட்டுட்டுக் கயனிக்குப் போறியா மாமா? சாவு வூட்லேர்ந்து அடுத்தவன் பயிர்ல யாராவது கால் வைப்பாங்களா? ஊரு இன்னா சொல்லும்?"

"கொசு வளக்கறவன்னு சொல்லட்டும் மச்சான்."

தெருமுனையில், துக்கம் கேட்க வந்த வேதாசலம் மாலையோடு நின்றிருந்தார். தானியேல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "உங்க பயிரு. நீங்க வேணான்னா திரும்பிடறேன்" என்றார். வேதாசலம் மாலையைக் கை மாற்றிக்கொண்டார்.

"அந்தம்மா அட்டைய நான் என்னிக்குமே நல்ல நேரம் பாத்துக் கட்னதில்ல தானியேலு. போ. நான் இங்க இருக்கேன்."

கரும்புக்குள் பனி இன்னும் உலரவில்லை. சிட்டம்மாள் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். "எலைக்கு அடியில குத்துண்ணா. வெயில் படக் கூடாது."

முப்பது வருஷம் கரும்பு வெட்டிய கையால் ஒவ்வொன்றாகக் குத்தினார். உள்ளங்கையில் தூசி ஒன்று நகர்வதைக் கண்டார். தூசி நின்றது, திரும்பியது, விரல் நுனிவரை நடந்து காணாமல் போனது.

"ஊதிடாதண்ணா. அதான் அது."

அவர் மூச்சை அடக்கினார். துளை விழுந்த கரும்பை வெட்டும்போதெல்லாம் புழுவைத் திட்டியவர் அவர். அந்தப் புழு பிறப்பதற்கு முன்பே அதன் முட்டையைத் தேடிப் போய், அதற்குள் தன் முட்டையை இடுமாம் இந்தத் தூசி; புழு பிறக்காமலே போய்விடுமாம். யாரும் வழி சொல்ல வேண்டாமாம். சென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பத்து நாள் பயிற்சி முடித்து வந்த பாக்கியமேரி, சோறு போட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். டெல்லியில் உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றே அரசாங்கத்தில் ஒரு துறை இருக்கிறதாம். அது தந்த உதவியில்தான் கொட்டகை வந்ததாம். ஒரு சென்ட் நிலமில்லாத பெண்களைத் தேடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியை அவர்கள் கையில் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் அவளிடம் இருந்தது.

கடைசி அட்டைத் துண்டைச் சிட்டம்மாள் சுருக்குப் பையிலிருந்து எடுத்த சின்ன லென்ஸின் கீழ் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"சிட்டம்மா."

"இன்னாண்ணா?"

தானியேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு தபா காட்டு."