ருக்குமணி சரியென்றால்தான் வெப்சைட்

குடும்ப ஒன்றுகூடலுக்கு வெப்சைட் போடலாமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்விக்காக, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, ருக்குமணியை சிம்பாங் அம்பாட்டிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி வரவழைத்துவிட்டார் அவள் அண்ணன் வேலு. ஆயர் ஈத்தாமில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது மேசை நிறையக் கறிபாப், உளுந்து வடை, ஒரு பெரிய தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ். நாலே பேர் பேசப்போகும் கூட்டத்துக்குக் கல்யாண வீட்டுப் பலகாரம். வேலு எதையாவது அளவோடு செய்து இந்தப் பிறவியில் யாரும் பார்த்ததில்லை.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் சரின்னு சொல்லு," என்றார் வேலு.

"சாப்பிடுறேன். ஆனா சரின்னு சொல்ல மாட்டேன்," என்றாள் ருக்குமணி, வடையை எடுத்துக்கொண்டே.

தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அண்ணி பிரமிளா சிரித்துவிட்டாள். வேலுவின் மகள் ரூபினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்; பாவம், வெப்சைட்டை முக்கால்வாசி கட்டி முடித்துவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் மொத்தக் குடும்பமும் பினாங்கில் கூடப்போகிறது. யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யாருக்கு யார் என்ன முறை, எல்லாவற்றையும் வெப்சைட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தங்கையைக் கேட்காமல் வேலு ஒரு கார்கூட வாங்கியது கிடையாது. அவள் வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

"வாட்சப் குரூப்பு இருக்குல்ல, அது போதாதா?" என்று ஆரம்பித்தாள் ருக்குமணி.

"அதுல யாரு அத்தை படிக்கிறா?" என்றாள் ரூபினி. "காலையில குட் மார்னிங் பூ, ராத்திரி குட் நைட் பூ. ஹால் எங்கன்னு எத்தனையோ தடவ போட்டுட்டேன், இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

"கண்டவனும் நம்ம படத்தப் பாப்பான்."

"பாஸ்வேர்டு இருக்கு அத்தை."

"பாஸ்வேர்டுலாம் எனக்கு மறந்துரும்லா."

கையிலிருந்த சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. உண்மைக் காரணத்தையோ வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ருக்குமணி சீன வீட்டில் பிறந்தவள். கைக்குழந்தையாக வந்து இந்த வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தவள். பாசாரில் மீன்காரர் ஹொக்கியன் சீனத்தில் விலை சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். கோயிலில் புதிதாக வருகிறவர்கள் அவள் முகத்தையும் புடவையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவள் தமிழில் ஒரு வாங்கு வாங்கியதும் சட்டென்று சாமி பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதெல்லாம் பழகிப்போன சங்கதி. குடும்பத்துக்குள் இந்தப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை.

போன மாதம் தோழி லைலா தன் குடும்பத்து வெப்சைட்டைக் காட்டினாள். அதில் குடும்ப மரம் என்று ஒன்று. எல்லாருக்கும் முழுக்கோடு, எடுத்து வளர்த்த ஒரு பையனுக்கு மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. லைலா அதைக் கவனிக்கக்கூட இல்லை. ருக்குமணி அதை மட்டும்தான் கவனித்தாள். நாளைக்கு இதே கோடு தனக்கும் விழும். அம்மாவுக்கும் தனக்கும் நடுவே இத்தனை வருஷம் யாரும் வைக்காத இடைவெளியை ஒரு மெஷின் வைத்து, மொத்தக் குடும்பத்துக்கும் காட்டும். அதை மட்டும் அவளால் தாங்கிக்கொள்ள முடியாது.

"உனக்கு என்னதான் பிரச்சினை?" வேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈப்போ சித்தப்பா வரைக்கும் பெருமையடிச்சு வச்சிருக்கேன்!"

"என்னைக் கேட்டா பெருமையடிச்சே?"

"நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"ஐயோ, ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் ரூபினி. "அத்தை, ஒரே ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க." லேப்டாப்பைத் திறந்து ருக்குமணியின் முன்னால் வைத்தாள்.

குடும்ப மரம். மேலே அப்பா, அம்மா. கீழே இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கோடுகள். கண்ணாடி போடாததால் பெயர்கள் மங்கலாகத் தெரிந்தன. கோடுகள் மட்டும் நன்றாகவே தெரிந்தன. ஒன்று முழுக்கோடு. ஒன்று புள்ளிக்கோடு.

ருக்குமணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் கெளம்புறேன் அண்ணே."

"முழுசாப் பாக்காம எங்க போற? கண்ணாடிய மாட்டு முதல்ல!"

அந்த அதட்டலுக்குக் கட்டுப்பட்டே பழகிவிட்ட கை, கண்ணாடியை எடுத்து மாட்டியது. அவள் குனிந்து பார்த்தாள். முழுக்கோட்டின் கீழே ருக்குமணி என்று இருந்தது. புள்ளிக்கோட்டின் கீழே வேலு.

"ரூபினி, இது மாறிப்போச்சும்மா."

"மாறலை அத்தை. நான் ரெண்டு பேருக்கும் முழுக்கோடுதான் போட்டேன். புள்ளிக்கோடு எதுக்குன்னு அப்பா கேட்டாரு. வேற வீட்லேருந்து வந்து சேந்தவங்களுக்குன்னு சொன்னேன். அப்ப அது எனக்குத்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எவ்வளவு சொல்லியும் கேக்காம அவரே மாத்திட்டாரு."

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்றார் வேலு.

அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. தலைப்பிள்ளை பெற்றவர்களோடு இருந்தால் ஆகாது என்று எந்த ஜோசியரோ சொல்லிவைக்க, வேலு பிறந்த கையோடு கூலிமில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பிள்ளை இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடப்பதைத் தாங்காமல்தான் அம்மா ருக்குமணியை எடுத்து வந்தாள். வேலு திரும்பி வந்ததே பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில்தான்.

"நான் துணிப் பையைத் தூக்கிட்டு உள்ள வர்றேன். இவ அம்மா மடியில ஜம்முன்னு உக்காந்துக்கிட்டு, யாரும்மா இந்தப் பையன்னு கேக்குறா! நீயே சொல்லு பிரமிளா, யாரு இந்த வீட்டுப் பிள்ளை, யாரு வந்து சேந்தவன்? இது இந்த ரூபினிக்குப் புரியவே மாட்டேங்குது."

"இதுல பெருமை வேற," என்றாள் பிரமிளா.

ருக்குமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. எத்தனை நாள் பயம்! இந்த மனுஷன் ஒரு விரலால் தட்டித் தட்டி அதைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு, வடை தின்றுகொண்டிருக்கிறார். வேலு வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இவன் எப்பம்மா போவான்னுகூட கேட்டே. ஞாபகம் இருக்கா?" என்றார்.

"கேட்டேன். நீ எந்நேரமும் அழுதுக்கிட்டே இருந்தியே, வேற என்ன கேப்பாங்களாம்?"

"அம்மா என்ன சொன்னாங்க? எனக்கு அது மட்டும் மறந்துபோச்சு."

ருக்குமணிக்கு மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே உன் வீடுதான்டி அவனுக்கும் வீடுன்னாங்க."

வேலு கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ருக்குமணி லேப்டாப்பை ரூபினி பக்கம் திருப்பி வைத்தாள். "போனாப் போகுது, உங்கப்பாவுக்கும் முழுக்கோடு போட்டு வெப்சைட்டத் தொறந்து விடும்மா. அம்மாவே சொல்லிட்டாங்கல்ல."