யாரும் கேட்கக் கூடாத இயந்திரம்

கடல்மேல் கைவைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி என் வலையில் கல்லே விழட்டும்.

அந்த வருடம் எங்கள் அபாரிகித் தீவில் மழை இல்லை. மேகங்கள் வரத்தான் செய்தன. இவ்வளவு சின்ன இடத்தில் குறிபார்த்துப் பெய்ய முடியாதென்று பிஜிப் பக்கம் போய்விட்டன. கிணறு உப்பேறியது. அதில் தவறி விழுந்த மீனொன்று, கரிக்கிறதென்று முகம் சுளித்து வெளியே குதித்தது. மரத்து இளநீர்கள் தாகம் தாங்காமல் ஒன்றையொன்று மோதி உடைத்துக் குடித்தன.

அப்போதுதான் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வந்தது. கூடவே டேரில் என்ற ஆஸ்திரேலிய நிபுணர்.

தண்ணீர்ப் பொறுப்பாளர் மயேரேக்கு ஒரே கவலை: டேரில் விமானம் ஏறுமுன் இயந்திரத்தைத் தன் கையாலேயே பிரித்து மாட்டிப் பழகிவிட வேண்டும். பயிற்சிகளுக்குக் குறைவில்லை. திறன் வளர்ப்பு, திறன் வளர்ப்பு என்று பிஜித் தலைநகர் சுவாவிலும் ஆக்லாந்திலும் குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து சளியோடு திரும்பியிருக்கிறாள். தீவில் திறன் வளராத உயிர் சித்தப்பா பவூரோவின் பன்றி மட்டும்தான். அதற்கும் அழைப்பு வந்தது, கப்பலைத் தவறவிட்டுவிட்டது. ஆனால் எந்தப் பயிற்சியிலும் அவள் கையில் யாரும் ஸ்பேனரைக் கொடுத்ததில்லை. இயந்திரப் பெட்டியின் சாவியோ டேரிலின் கழுத்தில் தொங்கியது.

"ரிப்பேர்னா கூப்பிடுங்க, வந்துடறேன்," என்றார் அவர்.

"போன மெஷின் நின்னப்பவும் கூப்பிட்டோம். ஆள் வர்றதுக்குள்ள என் மவளுக்குப் பல்லு முளைச்சு, விழுந்தும் போச்சு."

"போன மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கும் தெரியும், மயேரே."

போன இயந்திரம் பழுதாகிச் சாகவில்லை, உறவில் கரைந்தது. எங்களிடம் புபுசி என்றொரு வழக்கம் உண்டு: சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், மறுப்பது குடும்பத்துக்கே வெட்கம். பவூரோ படகுக்குப் பம்பைக் கேட்டார். மச்சான் கள் இறக்கக் குழாயைக் கேட்டான். பெரியம்மா மீன் உலர்த்த மூடியைக் கேட்டாள். கடைசியில் அதன் நிழல் மட்டும் மிஞ்சியது. அதையும் ஒருவர் கேட்டு வாங்கி நாய் படுக்கப் போட்டார்.

மறுநாள் விமானம். மாலையில் ஊர்க்கூடமான மனேயபாவில் விருந்து. பவூரோ டேரிலைத் தன் மகனாக்கிக்கொண்டார். அந்தப் பாசத்தில் டேரிலின் தொப்பியும் கடிகாரமும் செருப்பும் சொந்தங்களிடம் போய்ச் சேர்ந்தன. பிறகு பவூரோ தொண்டையைக் கனைத்தார். மயேரேக்குத் தெரியும், அது பம்பு கேட்கும் கனைப்பு.

"சித்தப்பா, நான் முந்திக்கிறேன். புபுசி!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"கேளு தாயி, உயிரைக் கேட்டாலும் தர்றேன்."

"இந்த மெஷின்ல ஒரு திருகாணியைக்கூட நீங்களோ நம்ம ஆளுங்களோ எப்பவும் கேக்கக் கூடாது. கேக்காம இருக்குறதைத்தான் எனக்குக் குடுங்க."

இப்படி ஒன்றை எந்தத் தலைமுறையிலும் யாரும் கேட்டதில்லை.

"அடிப்பாவி, வசமா மாட்டிவிட்டுட்டியே! சரி, குடுத்தேன்."

"அந்த மூடி மட்டும்..." என்று இழுத்தாள் பெரியம்மா.

"பெரியம்மா!"

"சரிடி, கத்தாத. குடுத்தேன்."

மயேரே திரும்பினாள். "டேரில் அண்ணே, அந்தச் சாவி. கத்துக் குடுத்துட்டுத்தான் போகணும். புபுசி."

"அது கம்பெனி விதி..."

"கம்பெனி உனக்குச் சித்தப்பனாடா?" என்று சீறினார் பவூரோ. தாம் இழந்த பிறகு, அடுத்தவர் இழப்பதில் அவருக்குத் தனி உற்சாகம். "என் மவனா இருந்துக்கிட்டு இல்லைங்கறியா?"

கூடமே தன் வெறுங்காலைப் பார்ப்பதைக் கண்டார் டேரில். சாவியைக் கழற்றினார்.

விமானம் அவரில்லாமல் போனது. மயேரே இயந்திரத்தைக் கடைசி மரை வரை பிரித்துப் போட்டாள். மாட்டியதும் அது அவள் முகத்திலேயே பீய்ச்சியது. டேரில், உதவிவிடக் கூடாதென்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டிக்கொண்டே மறுபடி பிரித்தாள், மறுபடி மாட்டினாள். குழாயில் தண்ணீர் வந்தது. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். உப்பில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சை விட்டாள். வருடக்கணக்காக அடக்கிய மூச்சு அது. அது வீசிய வீச்சில், காயலில் நின்ற தோணிகள் எல்லாம் பக்கத்துத் தீவில் போய் ஒதுங்கின.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன்: அந்த இயந்திரம் இன்னும் எங்கள் தீவுக்கு வந்து சேரவில்லை. நேற்று என் வலையில் கல்தான் விழுந்தது.