நுரை வந்த வழி

கீழ்வீட்டு மாமி மாடியேறி வந்து சொன்னது ஒரே விஷயம்தான். பூஜை அறைச் சுவரில் மறுபடியும் ஈரம் இறங்கியிருக்கிறது. பெருமாள் படத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு தரம் இறங்கினால் அந்த வாஷிங் மெஷினும் மேலே இருக்கக் கூடாது, தங்கச்சியைக் கூட்டிவருகிற பேச்சும் இருக்கக் கூடாது. செங்கமலவல்லி மாமி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கேட்பதுபோலத்தான் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாடியில் குடியிருந்த சசிகுமாருக்கு அதுதான் பயம். சத்தம் போட்டிருந்தால் ஆறியிருப்பார்.

புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது வீடு. மாமியின் குடும்பம் திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். அவர் கணவர் ராமானுஜம் மட்டும் சிப்காட்டில் ஸ்டோர்ஸ் வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டபோது போட்ட நிபந்தனை, மேலே மீன், கறி சமைக்கக் கூடாது. சசிகுமார் தலையாட்டினான். எந்த ஊர் என்று கேட்டதற்கு, பொன்னேரி பக்கம் என்றான். அது பொய்யில்லை. பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு ஏரிக்கரையில் அவன் அப்பா குப்பனுக்குப் படகு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

தங்கச்சி புவனேஸ்வரிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மாதம் பிறந்ததும் சேர வேண்டும். ஹாஸ்டல் என்றால் அனுப்ப மாட்டேன், அண்ணனோடு என்றால் போகட்டும் என்று அம்மா கங்கம்மாள் சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட், துணி துவைக்க யாருக்கும் நேரமிருக்காது என்றுதான் அவன் பழைய மெஷின் ஒன்றை, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்ததை, வாங்கிப் போட்டான். இங்கே வர முடியாவிட்டால் அவள் வேலையும் போகும். இந்தக் கணக்கு அவன் தலைக்குள் ஃபேன்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கவரைப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வருவதாகச் சொல்லி வரவில்லை. போனிலேயே, டிரம்முக்குப் பின்னால் சீல் போயிருக்கும் தம்பி, பேசாமல் மெஷினை மாற்றிவிடு என்று முடித்துக்கொண்டார். அதனால் அந்த வார லீவுக்குச் சசிகுமார் ஊருக்குப் போகவில்லை. நாஷ்டா முடித்த கையோடு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டான். போனை ஜன்னலில் சாய்த்துவைத்தான். கை ஈரமாக இருக்கும்போது அவன் வாயால் சொல்லச் சொல்ல அது எழுதித் தங்கச்சிக்கு அனுப்பிவிடும். ஊரில் புவனேஸ்வரி அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டுவாள்.

அவளே முதலில் ஒரு வழி சொல்லியிருந்தாள். எங்கே ஒழுகுகிறது என்று தேடாதே, எப்போது ஒழுகுகிறது என்று பார். சசிகுமாருக்கு அது பிடித்திருந்தது. கம்பெனியில் அவன் நிற்கிற மோல்டிங் மெஷினில் கோளாறு வந்தாலும், ராமானுஜத்திடம் சொல்லி இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்த சூப்பர்வைசர் துளசிராமன் அதைத்தான் முதலில் கேட்பார்.

தரையை ஒட்டத் துடைத்து, மெஷினுக்கு அடியில் செய்தித்தாள் விரித்தான். தண்ணீர் ஏறும்போது பின்னால் குழாய் மூட்டில் முத்து முத்தாகக் கசிந்தது. திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கூட்டு ரோட்டுக் கடையில் புதிது வாங்கி மாட்டினான். அது நின்றது. அடுத்து, தண்ணீர் வெளியேறும் பைப்பின் கிளிப் தளர்ந்திருந்தது, முறுக்கினான். கீழே மூலையில் ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்தால் வடிகட்டி என்று புவனேஸ்வரி வீடியோவில் பார்த்துச் சொன்னாள். தட்டு வைத்துத் திறந்தான். கறுப்புத் தண்ணீரோடு நைலான் நூல் பிசிறு வந்தது. பின்னாலேயே கை நிறைய மீன் செதில்.

சசிகுமார் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. செதிலைப் பேப்பரில் மடித்து, அந்தப் பேப்பரை இன்னொரு பேப்பரில் மடித்துப் பைக்குள் போட்டான். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பாவோடு வலை உதறுவான். அந்தச் சட்டையும் கம்பெனி யூனிபார்மும் ஒரே பையில் திரும்பி வரும்.

காலி டிரம்மோடு மெஷினை ஓடவிட்டான். தண்ணீர் ஏறியது, சுற்றியது, இறங்கியது. பேப்பர் காய்ந்தே இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, அம்மாவிடம் சொல் என்று போனிடம் சொன்னான்.

சொன்ன வாய் மூடவில்லை. துணியைப் போட்டு ஓடவிட்டபோது, பாதிச் சுற்றிலேயே பேப்பரின் ஓரம் கறுத்தது. புது ஈரம். குழாய் மூட்டைத் தடவினான், காய்ந்திருந்தது. பைப்பும் காய்ந்திருந்தது. மெக்கானிக் சொன்ன சீல்தான் என்று நினைத்ததும் மெஷினை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுக்கும்போது விரல் வழுக்கியது. முகர்ந்தான். சோப்புத்தூள் வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே சோப்புத்தூள் போடும் டிராயரின் இடுக்கில் வெள்ளையாக ஒரு கோடு ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நுரை.

தூள் போடாமல் துணியை மட்டும் வைத்து இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள் புவனேஸ்வரி. ஓட்டினான். பேப்பர் நனையவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவில் பாதி உயரத்துக்கு நுரை பொங்கி நின்றது. ஒரு பொட்டு சோப்புத்தூள் போடாத தண்ணீரில், அவன் சட்டைகளே நுரைத்துக்கொண்டிருந்தன. எத்தனையோ வாரமாகக் குடித்த சோப்பை இப்போது கக்கிக்கொண்டிருந்தன.

அதையும் போனிடம் சொன்னதும் அவள் உடனே கூப்பிட்டாள்.

"ண்ணா, எவ்ளோ பவுடர் போடுற நீ?"

"கையால அள்ளிப் போடுவேன்."

"ஒரு கையா?"

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தான்.

"வாளியில ஊறவெக்கிற பவுடரா?"

"அதான் வாசனையா இருக்குது."

"இன்னாத்துக்குண்ணா அவ்ளோ?"

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரிலிருந்து நேராக வந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒரு காலையில், பக்கத்து சீட்டு அன்புசெல்வன் ஜன்னலைத் தள்ளித் திறந்து, "மீன் மார்க்கெட்டு ஸ்டாப்பிங் வந்துட்ச்சு, எறங்குறவங்க எறங்கு" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்புசெல்வன் அதை அன்றைக்கே மறந்திருப்பான். பிறகு இவனோடு சேர்ந்துதான் டீ குடிக்கிறான். சசிகுமார் அன்றிலிருந்து ஒரு கை தூளை இரண்டு கையாக்கினான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு, மொட்டை மாடியில் காயும் சட்டையிலிருந்து கீழே பூஜை அறைக்கு வாடை போய்விடுமோ என்று அதற்கும் மேலே போனான். வாடை போகக் கூடாதென்று போட்ட தூள்தான் தண்ணீரைப் பூஜை அறைக்கு அனுப்பியிருக்கிறது.

அதையெல்லாம் இப்போது அவளிடம் சொல்லி முடித்தான்.

"மெஷினுக்குன்னு விக்கிறாங்களே, அந்தப் பவுடர் ஒரு ஸ்பூன் போதும். அதுவும் நொர அடங்குறவரிக்கும் வெறுந்தண்ணியில ஓட்டிட்டு அப்புறம் போடு."

"ஒரு ஸ்பூன்ல போவுமா புவனா?"

"போவலன்னா இன்னா? நானும் இந்த ஊட்லேர்ந்துதானே வரப்போறேன். வந்தா என்னையும் பவுடர்ல முக்கி எடுப்பியா?"

அவளுக்கு ஈஸி, அவள் இன்னும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை என்று நினைத்தான். ஆனால் அவளும் அந்த மாதிரி ஒரு பஸ்ஸில் ஏறத்தான் போகிறாள் என்பதும் கூடவே தோன்றியது. யாராவது கிண்டல் செய்தால் அவள் சட்டென்று திருப்பிக் கேட்டுவிடுவாள். கேட்காமல் இருந்தது இவன்தான்.

வெறுந்தண்ணீரில் ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான். நுரை விரல் உயரமாகி, பின் விளிம்பில் ஒட்டிக்கொண்ட சில குமிழிகளாகி, கடைசியில் இல்லாமல் போனது. டிராயரைக் கழற்றி, உள்ளே கெட்டிதட்டிப் போயிருந்த சோப்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தான். பிறகு புதுத் தூளை ஸ்பூனில் தலைதட்டிப் போட்டு ஓடவிட்டு, முழுச் சுற்றும் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பேப்பர் நனையவில்லை. தூக்கிப் பார்த்தான், அடியிலும் நனையவில்லை.

சட்டைகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். மாமி வீட்டு மடித் துணிகள் யாரும் தொடாதபடி உயரக் கொடியில், குச்சியால் தூக்கிப் போட்டுக் காயும். இவன் கொடி எதிர்ப்பக்கம், தண்ணீர் தொட்டிக்குக் கீழே. ஒவ்வொரு சட்டையையும் உதறும்போது கழுத்துப் பட்டையை முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. தன் வாடை தனக்குத் தெரியாதே என்ற பயம் மட்டும் மிச்சமிருந்தது.

மாமி துணி எடுக்கக் குச்சியோடு மேலே வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவதாகவும் புது ஈரம் இல்லை என்றும் சொன்னார். என்னதான் பண்ணினாய் என்று கேட்டார். ரப்பர் வளையம், கிளிப் என்று ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"சோப்புத்தூள் ஜாஸ்தி போட்டுட்டேன் மாமி. அதான் நொர பொங்கி ஒழுகிச்சு. நாங்க பழவேற்காடு. படகு, வலைன்னு இருக்கற குடும்பம். துணியில வாடை வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

மாமி மடித் துணியைக் குச்சியில் சுருட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"துளசிராமன் அன்னிக்கே சொல்லிட்டார். தெரிஞ்சுதான் குடுத்தோம். மீன் வாடை ஒரு நாளும் வரலை. அந்த சோப்பு வாடைதான்பா, மூக்கைத் துளைக்கறது. துளசி தீர்த்தம் குடிச்சாக்கூட உன் சோப்பைக் குடிச்ச மாதிரி இருக்கு. மாமா தும்மித் தும்மியே பாராயணம் பண்றார்."

அவனுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. மாமியே சிரிக்காததால் அவனும் சிரிக்கவில்லை.

"இனிமே ஒரு ஸ்பூன்தான் மாமி."

"சுவரை நீதான் சுரண்டி வெள்ளையடிச்சுக் குடுக்கணும். மேல மீன் சமைக்கக் கூடாது, அது அதேதான்." படிவரை போய் மாமி நின்றார். "உன் தங்கை என்னிக்கு வரா?"

"ஒண்ணாந் தேதி வேலையில சேரணும் மாமி. அதுக்கு மொத நாளே வந்துடுவா."

"ரெண்டு பேர் துணிக்கு இந்தக் கொடி பத்தாது. இன்னொண்ணு கட்டிக்கோ. எங்க மடிக் கொடிக்கு இந்தப் பக்கமா வராம, தள்ளிக் கட்டு."

அவர் இறங்கிப்போன பிறகு சசிகுமார் தண்ணீர் தொட்டிக்கும் எதிர்க் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் கைகளை விரித்து விரித்து அளந்தான். ஒரு துப்பட்டா தரையில் படாமல் காய வேண்டுமானால் கயிற்றை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. போனை எடுத்துப் புவனேஸ்வரியிடம் அதைத்தான் கேட்டான்.